நேர்த்தித் தாடியும் நச்சுவாயு முகமூடியும்

1992 மார்ச் 14, சனிக்கிழமை, காலை 9.20. லண்டனில் தூறல். மிச்சம் என்ற புறநகரிலுள்ள எங்கள் வீட்டின் ஆறு கதவுகளிலும் பழைய பெயின்ட்டை மருந்து பூசி உரிக்கத் தொடங்கினேன். என் நுரையீரல் பலவீனமானது. ஆகவே மூன்று கடை ஏறி இறங்கி, தூசியை மட்டுமல்ல, ஆவியையும் தடுக்கும் ஃபில்டர் இரண்டும் முகமூடியும் வாங்கியிருந்தேன். காலாவதித் தேதியையும் பார்த்திருந்தேன்.

முகமூடியை மாட்டிக்கொண்டு, தூறலுக்காக ஜன்னலைச் சாத்தினேன். நான்காவது நிமிடம் நெடி ஏறியது. ஏழாவது நிமிடம் தலைசுற்றி விழப்போன என்னை மனைவி வெளியே இழுத்தாள்.

"ஃபில்டர் பழுதோ?" என்றேன்.

முகமூடி ஓரத்தில் அவள் விரல் சுலபமாக நுழைந்தது. "ஃபில்டர் என்னப்பா செய்யும்? தாடிக்குள்ளால காத்துப் போகுது!"

கொழும்பில் நின்ற தம்பிக்கு விசா கிடைக்கும்வரை மழிப்பதில்லை என்று பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தித் தாடி அது. வயது 52 நாள். முகம் மழித்திருக்க வேண்டும் என்று முகமூடியின் கையேட்டில் படித்தும், ஏதோ ராணுவ ஒழுங்கு என்று விட்டுவிட்டேன்.

"வழிச்சா தம்பிக்கு விசா கிடைக்காதே?"

"நீங்கள் செத்தா அவர் ஆரிட்ட வாறது?"

அன்றே மழித்தேன். இப்போது ஜன்னலைத் திறந்து, ஃபில்டரை உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்து, முகமூடி முகத்தோடு ஒட்டுவதைப் பார்த்த பின்பே மருந்து டப்பாவைத் திறக்கிறேன். தம்பியும் ஜூனில் வந்துவிட்டான்.

முகமூடி, ஃபில்டர் 27 பவுண். சவர அலகு 60 பென்ஸ். தாடிக்கு ஈடாக, நாளுக்கொன்றாய்ப் பிள்ளையாருக்கு உடைத்த 52 தேங்காய் 23 பவுண் 40. எல்லாமாக 51 பவுண்.