நடுப்பிரிவில் என் இரண்டாவது வருஷம்

இராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மணல் திடல் இருந்தது. அதில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் கம்பி. அதைத்தான் நாங்கள் பார் என்போம். அதில் முழங்காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினால் கடல் மேலே போய்விடும். துறைமுகத்துக் கிரேன்கள் வானத்திலிருந்து தொங்கும். கப்பல்கள் புகையைக் கீழ்ப்பக்கமாக விட்டுக்கொண்டு மெல்லப் போகும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த உலகத்தைவிட இந்த உலகம்தான் எனக்கு நிஜமாக இருந்தது.

ஐம்பதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. எங்கள் ஜிம்னாஸ்டிக் குழுவில் மூன்று பிரிவுகள். சின்னப்பிரிவுப் பொடியன்கள் ஒரு குட்டிக்கரணம் போட்டாலே கூட்டம் கைதட்டும். பெரியபிரிவு அண்ணன்கள் பாரில் முழுச் சுற்றுச் சுற்றினால் விசில் பறக்கும். நடுப்பிரிவு ஆடும்போதுதான் சனங்கள் சுண்டல் வாங்க எழுந்து போவார்கள். நான் நடுப்பிரிவு.

நடுப்பிரிவில் ஒருவன் இரண்டு வருஷம்தான் இருக்கலாம். ஒரு சீசனுக்கு மூன்று போட்டிகள். இரண்டில் தேறினால் பெரியபிரிவு, இல்லையென்றால் பாரை மறந்துவிட வேண்டியதுதான். எனக்கு இது இரண்டாவது வருஷம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் நைனா, “தேறாட்டி நல்லதுதான். தொங்குனு கீறதுக்கு நீ இன்னா வவ்வாலா?” என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்கு அழுகை வரும்.

போதாக்குறைக்கு உடம்பு வேறு சதி செய்தது. போன மாதம் பெட்டி போட்டு ஏறிப் பிடித்த கம்பி இந்த மாதம் எம்பினாலே எட்டியது. கை நீண்டுகொண்டே போயிற்று. நேற்றுவரை சரியாக வந்த சுற்று இன்று அரைச் சாண் தள்ளிப் போய் முடிந்தது. தூக்கத்தில் யாரோ வந்து என் கைகால்களை மாற்றி வைத்துவிட்டுப் போவதாக நான் உண்மையாகவே நம்பினேன்.

எங்களுக்கு விதித்திருந்த பயிற்சி இதுதான்: பாரில் ஏறி, ஒரு பின்சுற்றுச் சுற்றி, இரண்டு முறை பெரிதாக வீசி ஆடி, மூன்றாம் வீச்சில் கையை விட்டு, காற்றில் ஒரு பல்டி அடித்து மணலில் நிற்க வேண்டும். கையை விடும் அந்த இமைப்பொழுதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னால் விட்டாலும் போச்சு, பின்னால் விட்டாலும் போச்சு.

கை வழுக்காமலிருக்க அடுப்புச் சாம்பல் பூசிக்கொள்வோம். குப்பத்திலிருந்து வந்த என் தோஸ்துதான் அதைச் சலித்துக் கொண்டுவருவான். அவனுடைய அம்மா நல்லது நடக்கட்டும் என்று அதில் கொஞ்சம் கோயில் திருநீறும் கலந்து கொடுப்பாள். என் அம்மா வெள்ளை வெளேரென்ற என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னாடா இது, ஜெபமாலை புடிக்கிற கையில துன்னூறு கீது?” என்று ஒருநாள் கேட்டாள். அப்புறம் அவளும் கண்டுகொள்ளவில்லை.

முதல் போட்டி பட்டணத்துக்குள் ஒரு மண்டபத்தில் நடந்தது. அங்கிருந்த பார் கண்ணாடி மாதிரி பளபளத்தது. எங்கள் குழுவில் முதலில் ஏறியவன் இரண்டாம் வீச்சிலேயே கை நழுவிப் பறந்து போய் நார் மெத்தையில் விழுந்தான். அடுத்தவனும் அதே இடத்தில் விழுந்தான். அப்புறம் நான், அப்புறம் என் தோஸ்து, கடைசியாக இன்னொருவன். ஐந்து பேரும் வரிசையாக ஒரே இடத்தில் விழுந்ததைப் பார்த்த நடுவர், எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களோ என்று விசாரித்தார்.

ரயிலில் திரும்பி வரும்போதுதான் என் தோஸ்து கண்டுபிடித்தான். “மாமு, நம்ம பாரு உப்புக் காத்துல ஊறிப்போய்க் கீது. அதான் நம்ம கைய புடிச்சினு இருந்துச்சு. நாம எங்க புடிச்சோம்?” என்றான். உண்மைதான். கடற்காற்றின் பிசுக்கும் எங்கள் வியர்வையும் சாம்பலும் சேர்ந்து அந்தக் கம்பியில் பசையாக ஒட்டியிருந்தன. நாங்கள் அதன் தயவில் ஆடிவிட்டு, வீரர்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து ஒவ்வொருவன் ஏறுவதற்கு முன்னும் மண்ணெண்ணெய்த் துணியால் கம்பியைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தோம். பத்தே நாளில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. மீன் குழம்பில் கை வைத்தால் உயிர் போகும். அம்மா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள். என் தங்கை எதிரில் உட்கார்ந்து, “பாப்பா, ஆ காட்டு” என்று கெக்கலித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த வாரங்களில் அம்மாவின் கை வாயருகே வரும்போது இந்த சீசன் முடியவே வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது.

இரண்டாவது போட்டியில் தட்டுத்தடுமாறித் தேறினேன். மூன்றாவதில் எல்லாம் முடிவாகும் என்ற நிலை. அது எங்கள் திடலிலேயே நடப்பதாக இருந்தது. பட்டணத்துக் கம்பியில் நாங்கள் விழுந்த மாதிரி எங்கள் கம்பியில் அடுத்தவர்கள் விழக் கூடாது என்று அண்ணன்கள் கண்டிப்பாகச் சொன்னார்கள். ஒவ்வொருவன் ஏறுவதற்கு முன்னும் கம்பியைத் துடைக்க ஓர் ஆள் வேண்டும். நடுப்பிரிவுக்கு அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள்.

அன்று மதியத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தது. பெட்டியின் மேல் ஏறி நின்று ஒவ்வொருவனுக்கும் துடைத்தேன். எங்கள் குழுவும் புளியந்தோப்புக் குழுவும் மாறி மாறி ஆடினார்கள். என் முறை வந்தபோது எனக்கு நானே துடைத்துக்கொண்டு ஏறினேன்.

அந்த ஆட்டத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பின்சுற்றில் கடல் ஒருமுறை என் தலைக்கு மேல் போய்த் திரும்பி வந்தது. முதல் வீச்சில் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. மூன்றாம் வீச்சில் கையை நான் விடவில்லை, அது தானாகவே திறந்துகொண்டது. மேலே வெகுநேரம் இருந்தேன். ஒரு கிரேன், கோயில் கோபுரம், வெயிலில் வெள்ளையாக ஒரு பாய்மரம் எல்லாவற்றையும் அவசரமில்லாமல் பார்த்தேன். பிறகு மணல் வந்து என் காலடியில் நின்றது. யாரோ கைதட்டினார்கள். நான் நடந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தேன். உடம்பில் எடையே இல்லை.

அடுத்து புளியந்தோப்புப் பையன் ஒருவன் ஏற வேண்டும். நான் துடைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் வீட்டில் சொன்னேன், கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அவன் கம்பியைப் பிடிக்க எம்பியபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நிறுத்து என்று கத்த நேரம் இருந்தது. எழுந்தால் அந்த மிதப்பு கலைந்துவிடுமே என்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருக்க ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

என் சாம்பலும் என் வியர்வையும் பூசிய கம்பியில் அவன் அழகாகவே ஆடினான். மூன்றாம் வீச்சில் கை விடுபடவில்லை. விடுபட்டபோது காலம் கடந்திருந்தது. பல்டி பாதியில் நிற்க, கையை ஊன்றி விழுந்தான்.

பெரியபிரிவுக்குப் போகிறவர்களின் பட்டியலை வாசித்தார்கள். நான் இருந்தேன். என் தோஸ்து என்னைத் தூக்கிச் சுற்றினான். அவனும் தேறியிருந்தான்.

எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பையன் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஒற்றைக் கையால் சட்டையை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, பொத்தானைப் போட்டுவிடச் சொன்னான். நான் மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். அவனுக்கும் அது இரண்டாவது வருஷமாம். “இத்தோட முட்ஞ்சிதுப்பா” என்றான். அப்புறம் கம்பியைத் திரும்பிப் பார்த்து, “பாரு மேல குத்தமில்ல. நான்தான் லேட்டா வுட்டுட்டேன், இல்ல?” என்று கேட்டான்.

நான் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு, ஆமாம் என்றேன்.