அரக்கு வைத்த திருகு

இதை எழுதாமலே விட்டுவிடப் பார்த்தேன். நான் எழுதினால் சிரிக்கலாம் என்று வருவார்கள். இதில் சிரிப்பு பாதி வழியில் நின்றுவிடும், எங்கள் லாரி நின்ற மாதிரி.

யுத்த காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். தென்காசியில் ஒரு மர வியாபாரியின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கூட்டாளி அதில் கிளீனர். குற்றாலத்துக்கு மேலே மலைத் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போவோம்; வரும்போது மரம்.

மேலே போகப் போகக் காற்று இளைத்துவிடும். பெட்ரோல் மட்டும் கீழே வந்த அளவிலேயே வந்துகொண்டிருக்கும். மூச்சு வாங்குகிறவன் வாயில் சோற்றைத் திணிக்கிற கதைதான். என்ஜின் கரும்புகையாகக் கக்கும். அதனால் பாதி மலையில் கார்புரேட்டர் திருகை உள்ளே முறுக்கிப் பெட்ரோலைக் குறைப்போம். இறங்கும்போது பழையபடி விடுவோம்.

முதலாளிக்கு இதில் நம்பிக்கை இல்லை. திருகைத் திருகியே பெட்ரோலைக் கரைக்கிறோம் என்று சந்தேகம். ஒருநாள் கடை வாசலில் வண்டி நன்றாக ஓடுகிற அளவில் வைத்து, திருகின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, தன் மோதிரத்தால் முத்திரை குத்திவிட்டார்.

"இத எவன் தொட்டாலும் மறுநா வண்டிப் பக்கம் வரப்பிடாது."

"தாலி கட்டியாச்சு மொதலாளி, இனி எவன் தொடுவான்?" என்றேன்.

அந்த வாரமே தோட்டத்திலிருந்து ஒருவர் நடந்து வந்து தகவல் சொன்னார். அங்கே கூலி வேலைக்குப் போயிருந்த கூட்டாளியின் தம்பி, மலைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடக்கிறானாம். அரிசியோடு உடனே கிளம்பினோம். திரும்பும்போது அவனைத் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாம்.

பாதி மலையில் வண்டி இருமியது. கரும்புகை விட்டு நின்றது. பிளக்குகளைக் கழற்றினால் அடுப்புக்கரி மாதிரி இருந்தன. சுரண்டிப் போட்டோம். ஒரு வளைவு ஏறி மறுபடி நின்றது. அரக்கைத் தட்ட ஸ்பேனரை எடுத்தேன். கூட்டாளி கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒடைக்காதல. வேல போயிரும்."

"ஏலே, ஒன் தம்பி அங்கன கெடக்கான்."

"ஒன் வீட்டுல ஒலைய நம்பி எத்தன பேரு இருக்காவ? இன்னொரு மட்டம் தொடச்சுப் பாப்போம்."

துடைத்தோம். ஏறினோம். நின்றது. திரும்பத் துடைத்தோம். காலையில் கிளம்பியவர்களுக்கு வெயில் சாய்ந்துவிட்டது. அப்புறம் நான் அவனைக் கேட்கவில்லை. ஒரே தட்டு. திருகை உள்ளே முறுக்கியதும் புகை அடங்கி வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஏறியது.

தம்பிக்கு உயிர் இருந்தது. சாக்கு விரித்துப் பின்னால் கிடத்தினோம். கூட்டாளி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். இறங்கும்போது குற்றாலத்து அருவிச் சத்தம் கேட்க ஆரம்பித்த இடத்தில், என் முதுகுக்குப் பின்னாலிருந்த பலகையைத் தட்டினான்.

"ஏலே, இனி மெதுவாப் போ," என்றான்.

மறுநாள் முதலாளி உடைந்த அரக்கைப் பார்த்தார். எனக்கு வேலை போயிற்று. கூட்டாளியும் அந்த வண்டியில் ஏறவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் சிற்றாற்றங்கரையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். அவன் பேசி நாளாயிற்று. எப்படியாவது வாயைக் கிளறலாம் என்று ஆரம்பித்தேன்.

"அந்த மோதிர வெரல ஒடைச்சு அவரு கையிலயே அரக்கு வச்சுக் குடுக்கணும்ல. ஒன் தம்பியக் கொன்னது அவருதான்."

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"ஒடைக்காதன்னு சொன்னது நாந்தானல."