குழுவைக் கலைத்தவர்

சவரிமுத்து சார் இறந்துபோன செய்தி ஒரு சிரிப்போடு என்னிடம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் காபி. யாரோ அனுப்பியிருந்த இணைப்பைத் தொட்டதும் முதலில் ரம்மி விளையாடச் சொல்லி ஒரு விளம்பரம் ஓடியது. அது முடிந்ததும் அவர் முகம். பணி அடையாள அட்டையில் இருந்த படத்தை ஏதோ ஒரு செயலியில் போட்டு அசைய வைத்திருந்தார்கள். அவர் கண்ணைச் சிமிட்டினார். பல் தெரியச் சிரித்தார். வலது கையைத் தூக்கி எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டினார். பின்னால் சினிமாச் சோகப் பாட்டு, மேலே ‘கண்ணீர் அஞ்சலி’ என்று சிவப்பு எழுத்து. முந்தைய நாள் மாலை மாரடைப்பில் போய்விட்டார் என்பதை அதன் அடியில் இருந்த வரிகளைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐம்பத்தேழு வயது.

எனக்கு அழுகை வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

உத்தமபாளையம் பக்கத்தில் இருக்கும் அவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மாதா கோயிலில் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் ஒருவர் அதே வீடியோவை அவர் மனைவி லூர்து மேரியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். “நல்லாப் பாருங்கக்கா, உசுரோட இருக்க மாதிரியே இருக்காக.” மேரி அக்கா முழுவதையும் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தார். “அவுக சிரிச்சா வாய் இடது பக்கம் இழுக்கும். இது வேற யாரோ, தம்பி,” என்றார்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். மாட்டுக்கு ஊசி போட்டவராக, கால்நடை வாட்ஸ்அப் குழுவைக் கலைத்தவராக, ஒரு வதந்தியைப் பரப்பிவிட்டு மாற்றல் வாங்கிப் போனவராக. இவற்றில் மூன்றாவது பொய். அதைச் சொல்லத்தான் இந்த அஞ்சலியை எழுதுகிறேன். நான் கால்நடை மருத்துவர். கோம்பையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு கிராம மருந்தகத்தில் ஒன்பது வருடம் அவரோடு வேலை பார்த்தேன். அவர் அங்கே கால்நடை ஆய்வாளர்.

மாட்டுக்கு அடுத்தபடியாக அவருக்குப் பிடித்தது கணினி. தேனியில் உதிரிப் பாகமாக வாங்கி அவரே பூட்டிய ஒரு பெட்டி வீட்டு முன்னறையில் இருந்தது. அதன் பக்கத் தகடு எப்போதும் கழற்றியே கிடக்கும். மாதம் ஒருமுறை அதை வண்டியில் வைத்துக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போவார், டயருக்குக் காற்றடிக்கும் குழாயால் தூசியை ஊதிவிட்டு வருவார். “திறந்து பாக்க முடியாத பொட்டி நம்ம பொட்டி இல்ல டாக்டரம்மா. வாடகைக்கு வச்சிருக்கோம், அம்புட்டுதான்,” என்பார். படிப்பால் வந்த அறிவு இல்லை அது. பத்தாவதுக்கு மேல் ஒரு பட்டயம்தான். ஆசைப்பட்டு, உடைத்து, மாட்டி, மறுபடி உடைத்துக் கற்றது.

மாலையில் அவரும் மேரி அக்காவும் ஒரு பழைய கார்ப் பந்தயம் விளையாடுவார்கள். இணையம் தேவைப்படாத, ஒரே முறை வாங்கிய விளையாட்டு. மேரி அக்கா தொடக்கப் பள்ளி ஆசிரியை, வளைவுகளில் கொஞ்சமும் வேகம் குறைக்காதவர். மறுநாள் காலை பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே சார் சொல்லிவிடுவார்: “நேத்தும் தோத்துட்டேன்.”

நான் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் ஒரே நிறத்துப் பழங்களைச் சேர்க்கும் விளையாட்டு ஒன்றை ஆடுவேன். ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

“எத்தனாவது கட்டம்?”

“எண்ணூத்திச் சொச்சம் சார்.”

“எப்ப முடியும்?”

“முடியாது. வந்துக்கிட்டே இருக்கும்.”

முகத்தைச் சுளித்தார். சீழ் பிடித்த குளம்பைப் பார்க்கும்போதுகூட அப்படிச் சுளிக்க மாட்டார். “தோத்தேன், ஜெயிச்சேன், எந்திரிச்சேன்னு இருக்கணும். எந்திரிக்க விடாதது விளையாட்டா? இங்கன கறக்குறவன் அவன், மாடு நாம. சும்மா நிக்கணுமேன்னு அப்பப்ப பருத்திக்கொட்டை மாதிரி நாலு நாணயத்தப் போடுறான்.” நான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பழங்கள் வெடிக்கும் சத்தத்தைக் கேட்டாலே தொழுவத்து வாடை அடிப்பதுபோல் இருந்தது. இரண்டு வாரத்தில் அதை நீக்கினேன்.

இணையத்தை அவர் வெறுத்தவர் அல்லர். எந்தப் புல்லில் என்ன நஞ்சு, எந்த ஊரில் கோமாரி நோய் வருகிறது என்று மணிக்கணக்கில் தேடிப் படிப்பார். அவருக்கு ஒரே ஒரு அளவுகோல் இருந்தது: “நாம தேடிப் போனா அது நூலகம். அது நம்மளத் தேடி வந்தா சந்தேகப்படணும்.”

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்ததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. பசு தரையில் சாய்ந்துவிட்டது. நான் தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றின் காலைத் தேடிக்கொண்டிருந்தேன், சார் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காரரின் மைத்துனர், முப்பது வயது ஆள், விளக்கைப் போட்டு எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

“போனை வச்சிட்டு இந்தக் கயித்தப் பிடிங்க,” என்றார் சார்.

“ஒரு நிமிசம் சார், தலை வரப்போவுது.”

இரண்டு முறை கேட்டார். அந்த ஆள் கோணம் மாற்றி வந்து நின்றாரே தவிர கையை நீட்டவில்லை. கன்று செத்துத்தான் வந்தது. இன்னொரு கை இருந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. மறுநாள் அந்த வீடியோ தாய்ப்பாசப் பாட்டோடு வெளியானது. ஆயிரக்கணக்கில் இதயங்கள். சார் அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், குழாயடியில் நின்று வெகுநேரம் கைகழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தக் குழுவுக்கு வருகிறேன்.

தடுப்பூசி முகாம் எந்தத் தெருவில், எந்த நாளில் என்று சொல்வதற்காக அவர் தொடங்கியது அது. சுற்றியிருந்த கிராமங்களில் நானூறு பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள். மற்றவர்கள் எதையும் எழுத முடியாது. மருந்தகத்துப் போனிலிருந்து மட்டுமே செய்தி போகும்படி அமைத்திருந்தார். அந்தப் போன் என் மேசையில்தான் கிடக்கும். சிம் அவர் பெயரில் இருந்தது. ‘மருந்தகத்திலிருந்து வந்தது’ என்றால் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பிற்பகல், கோம்பை நாய் வளர்ப்பவர் ஒருவர் ஐந்து செத்த குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அடுத்த தெருவிலும் குட்டிகள் செத்திருந்தன. போனில் ஒரு படம் காட்டினார். ஷாஜி. கேரளத்துக் குமுளியிலிருந்து லாரியோடு வந்து, ஏலத் தோட்டங்களுக்குச் சாணம் வாங்கிப் போகும் ஆள். இரண்டு வீட்டு வாசலிலும் அவர் நின்றதாகவும், விஷம் வைத்தது அவர்தான் என்றும் சொன்னார். சார் வெளியே முகாமில் இருந்தார். சாக்கு பிரிக்கப்படாமல் தரையில் கிடந்தது. நான் அந்தப் படத்தை மருந்தகத்துப் போனுக்கு வாங்கி, ‘இவரைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று எழுதிக் குழுவில் போட்டேன். பிறகு டீ குடித்தேன்.

மறுநாள் காலை ஒரு டீக்கடை முன்னால் ஷாஜியைச் சுற்றிக்கொண்டார்கள். சார் தற்செயலாக அந்த வழியாக வந்தவர், வண்டியைப் போட்டுவிட்டு உள்ளே புகுந்திருக்கிறார். ஷாஜி மீது கவிழ்ந்து நின்றதில் சாருடைய மூக்குக் கண்ணாடி உடைந்தது, புருவம் கிழிந்தது. ஷாஜியின் இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கம்பத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, புருவத்தில் பிளாஸ்திரியோடு மருந்தகத்துக்கு வந்தார். அதற்குள் குழுவைப் பார்த்திருந்தார்.

“டாக்டரம்மா, நீங்க செத்த குட்டியோட வயித்தத் திறந்து பாத்தீகளா, போனப் பாத்தீகளா?”

சாக்கைப் பிரித்தோம். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் அறுத்தேன். இரண்டாவது குட்டியிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. குடல் முழுக்க ரத்தம், நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோயின் எல்லா அடையாளமும். ஊசி போட்டிருந்தால் வந்திருக்காது. விஷமும் இல்லை, ஷாஜியும் இல்லை.

காவல் நிலையத்தில் யார் அனுப்பியது என்று கேட்டார்கள். நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். திறக்கவில்லை. அவர் சொன்னார்: “போன் என் பேர்ல இருக்கு. பொறுப்பு என்னோடது.”

வெளியே வந்து, ஏன் சார் என்று கேட்டேன். “டாக்டரு பேரு கெட்டா நாளைக்கு ஊசிக்கு எவனும் மாட்ட ஓட்டிட்டு வரமாட்டான். நான் ஊசி பிடிக்கிறவன். இப்போதைக்கு இப்பிடி இருக்கட்டும். அந்தாளு கை கூடுறதுக்குள்ள நீங்களே எல்லாருக்கும் சொல்லிருவீக,” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதை நினைத்தால்தான் இன்றும் என் மீது எனக்கே அருவருப்பு பொங்குகிறது.

குழுவில் ‘விஷம் அல்ல, வைரஸ் நோய்’ என்று எழுதினேன். யார் அந்தப் படத்தைப் போட்டது என்று எழுதவில்லை. நான் எழுதுவேன் என்று சார் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலை, மருந்தகத்துப் போனை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நீக்க ஆரம்பித்தார். ஒரு குழுவை அப்படித்தான் கலைக்க முடியும். ஆளைத் தொட்டு, நீக்கு, அடுத்த ஆள். இடையில் வந்த மாடுகளைப் பார்த்தார், சினைப் பரிசோதனை செய்தார், கைகழுவி வந்து மறுபடி உட்கார்ந்தார். மதியம் கடைசிப் பெயர் போனது. அதன் பிறகு முகாம் அறிவிப்புக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினார். தன் குரலைக் கணினியில் பதிந்து, இரைச்சலை நீக்கி, தெருப் பெயர்களை மட்டும் வாரம்தோறும் மாற்றி ஓடவிட்டார்.

ஊரில் என்ன பேசினார்கள் என்று உங்களுக்கே தெரியும். “செய்யுறதயும் செஞ்சுட்டு, ஆதாரத்த அழிச்சுட்டாரு.” என் காதுபடப் பேசினார்கள். நான் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அவரைத் தேவதானப்பட்டிப் பக்கம் மாற்றினார்கள். இரண்டு வருடம் தினமும் இரண்டு பேருந்து மாறிப் போய்வந்தார். வழியில் எப்போதாவது பார்த்தால் மாடுகளைப் பற்றிக் கேட்பார், மேரி அக்காவிடம் தோற்றதைச் சொல்வார். அந்த விஷயத்தை மட்டும் ஒருநாளும் எடுக்கவில்லை. டீக்கடை முன்னால் அவர் கண்ணாடியை உடைத்த கூட்டத்தில் இருந்த இரண்டு பேர், அவர் இறந்த அன்று அந்த வீடியோவுக்கு அடியில் அழுகிற முகப் படமும் மெழுகுவர்த்திப் படமும் போட்டிருந்ததைப் பார்த்தேன். அவர்களைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஷாஜிக்குப் போன் செய்தேன்.

“சவரிமுத்து சார் இறந்துட்டாரு.”

“கேட்டேன் டாக்டரே. வரத் தோணல.”

“அந்தப் படத்த அனுப்புனது நான். அவரில்ல.”

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் அணைத்தார்.

“ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தடவ வந்தாரு. ஆரஞ்சு கொண்டாந்தாரு. ஞான் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன். படத்தயும் போட்டுட்டு நல்லவன் மாதிரி வந்து நிக்கிறான்னு. பைய வச்சிட்டுப் போனாரு. ஒரு வார்த்தை பறஞ்சிருக்கலாம்.”

“நான்தான் சொல்லியிருக்கணும்.”

“ஆமா,” என்றார் ஷாஜி. “நீங்கதான்.” பிறகு, “கல்லறை எவிடயா?” என்று கேட்டார்.

மறுநாள் காலைப் பேருந்தில் வந்தார். நான் வழி காட்டிவிட்டு மதில் ஓரம் நின்றுகொண்டேன். அவருடைய இடது கை முழுதாக நீளவில்லை. புது மண் மேட்டின் மேல் ஓர் ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு நெடுநேரம் நின்றார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்ப்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இதுவரை எழுதியதை முதலில் மேரி அக்காவிடம்தான் படித்துக் காட்டினேன். “அவுக என்கிட்டகூடச் சொல்லல,” என்றார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

அஞ்சலியின் முடிவில், போனவரிடமிருந்து நமக்கு என்ன கிடைத்தது என்று சொல்வார்கள். அவர் குணத்தை நான் பெற்றுக்கொண்டதாகச் சொன்னால் அது அந்த வீடியோவைவிடக் கேவலமாக இருக்கும். இரண்டு வருடம் என்னுடைய குற்றம் ஒன்று அவர் பெயரில் இருந்தது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஷாஜியின் படத்தை அனுப்பியவள் நான். சவரிமுத்து சார் அல்ல.