வேகாத பருப்பு

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. எந்தக் காலத்திலோ சுவருக்கு மண் எடுத்த பள்ளம். அதை மேடாக்கிக் கொட்டகை கட்டி இன்னொரு தறி போட்டுவிட வேண்டும் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஆசை. எழுபதுகளின் கடைசி அது. ஆரணியில் பட்டு நெய்கிற எங்களுக்கு வண்டி வண்டியாய் மண் வாங்க ஏது வசதி? முனிசிபாலிட்டி குப்பை வண்டிக்காரரை நான்தான் மடக்கினேன். ஊர்க்கோடி வரைக்கும் மாட்டை ஏன் வதைக்கிறீர்கள், இங்கேயே கவிழ்த்துவிட்டுப் போங்கள் என்று டீயும் பொறை ரொட்டியும் கொடுத்தேன். என்னைப் போல் கெட்டிக்காரி தெருவிலேயே இல்லை என்று நினைப்பு வேறு.

ஒரு வருஷத்தில் பள்ளம் முக்கால்வாசி நிரம்பிவிட்டது. அழுகிய காய், எச்சில் இலை, சாணி, செத்த எலி, எல்லாம் அதில்தான்.

பள்ளத்தை ஒட்டி, வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு அத்தையின் கிணறு. எங்களுக்குக் கிணறு கிடையாது. குடிக்கவும் சமைக்கவும் அங்கேதான் சேந்துவேன். நான் வாழ வந்த நாள் முதல் அத்தை ஒருநாளும் முகம் கோணியதில்லை. அந்தத் தண்ணீரில் பருப்பைப் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மலர்ந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை தொடங்கியதும் பருப்பு வேகாமல் போனது. இரண்டு மணி நேரம் எரித்தாலும் நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டும். மளிகைக் கடைக்காரரிடம் போய், பழைய சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர் என்று சண்டை பிடித்தேன். பாவம் மனிதர், இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தார்.

அத்தை வீட்டிலோ பழி மருமகள் மேல் விழுந்தது. ஆவணியில்தான் தேவிகாபுரத்திலிருந்து வந்திருந்தாள். பத்தொன்பது வயது, வாயே திறக்காத பெண். பருப்பு வேகவில்லை, சோறு பழுப்பாய் வடிகிறது, கைராசி இல்லாதவள் என்று அத்தை சொல்ல ஆரம்பித்தார். அத்தை கெட்டவர் இல்லை. மகன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதை அவரால் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாள் அம்மா வீட்டில் சமையல் பழகி வரட்டும் என்று பெண்ணின் அப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டார். எப்போது திரும்பி வர வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதே வாரம் மழை கொட்டியது. கிணற்றுக்குப் போகச் சோம்பல்பட்டு, ஓட்டிலிருந்து ஊற்றிய தண்ணீரை அண்டாவில் பிடித்து அதிலேயே பருப்பைப் போட்டேன். கடைக்காரர் கொடுத்த அதே பருப்பு, வெண்ணெயாய்க் குழைந்தது. கரண்டியும் கையுமாகப் பின்கதவைத் திறந்து பார்த்தேன். குப்பை மேட்டின் அடியிலிருந்து டிகாக்‌ஷன் நிறத்தில் நீர் கசிந்து, அத்தை கிணற்றோரம் தேங்கி, மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால் கொட்டகை போச்சு. அத்தை முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம் வேறு. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலாம் நாள் காலை மருமகளை அழைத்துப்போக அவள் அப்பா வந்துவிட்டார். துணிப்பையோடு வாசலில் நின்ற பெண் என்னைப் பார்த்து, "போய்ட்டு வரேங்க்கா" என்றாள். அவ்வளவுதான், என்னால் தாங்க முடியவில்லை. மழைத் தண்ணீரை ஒரு குடம் மொண்டுகொண்டு அத்தை வீட்டுக்குள் போனேன்.

"இதுல ஒருதரம் பருப்பு போடச் சொல்லுங்கத்தை. உங்க மருமக கையில குத்தம் இல்ல. எங்க குப்பைதான் உங்க கெணத்துல எறங்கிகினு இருக்குது. வண்டியக் கூப்ட்டு கொட்டச் சொன்னது நான்தான்."

அத்தை குடத்தை வாங்கி அடுப்படியில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிறகு மருமகளிடம் தலையை மட்டும் அசைத்தார். அவள் பையை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அரை மணியில் பருப்பு மசிந்தது. அத்தை தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். பாதியில், மருமகள் முகத்தைப் பார்க்காமலே, "இன்னொரு கரண்டி ஊத்தும்மா" என்றார். அவள் இரண்டு கரண்டியாய் ஊற்றினாள். அவள் அப்பாவும் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

கொட்டகையை மறந்தோம். நானும் வீட்டுக்காரரும் கூடை கூடையாய் வாரி ஊர்க்கோடியில் கொண்டுபோய்க் கொட்டினோம். அங்கே அது யார் கிணற்றில் இறங்கியதோ, அன்றைக்கு யோசிக்கவில்லை. அத்தை கிணற்றை மூன்று முறை இறைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் பழையபடி ஆகவே இல்லை.

அதிலிருந்து அந்தப் பெண்ணும் நானும் தெருமுனைக் கைப்பம்புக்குக் குடத்தோடு நடந்தோம், வருஷக்கணக்காய். வாயே திறக்காதவள் அந்த வழியில்தான் பேசப் பழகினாள். ஏழு மாத வயிற்றோடு ஒருநாள் சிரித்துக்கொண்டே, "கெணறு நல்லா இருந்திருந்தா நாம இப்டி பேசிகினு வந்திருப்பமாக்கா?" என்றாள். என்னை ஆற்றத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. என் குடத்தைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு, அவள் குடத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டேன்.