நின்ற வண்டிக்கு ஒரு சாட்சி

நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த தணிகாசலம், ஐம்பத்து மூன்று வயது வரை உண்மையைத் தவிர வேறெதுவும் பேசியதில்லை. இதனால் அவருக்கு விளைந்த நன்மைகளைத் தேடினால் இதுவரை ஒன்றும் அகப்படவில்லை.

குறை அவர் வாயில் இருந்தது. பிறவியிலேயே உதட்டின் இடது ஓரம் சற்று மேலே ஏறி நிற்கும். எதைச் சொன்னாலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வது போலவே இருக்கும். அவருடைய நைனா இறந்த அன்று, புத்தூரில் இருந்த சித்தப்பாவிடம் சைக்கிளில் போய்ச் சொன்னார். சித்தப்பா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "போடா, நேத்துதானே அண்ணன்கூட பேசினேன். வேற வேலை இல்ல உனக்கு?" என்று சொல்லிவிட்டுக் கடலைக்கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். வேறொருவர் போய்ச் சொல்லி அவரை அழைத்து வருவதற்குள் பொழுது சாய்ந்தது. பிணம் மறுநாள் வரைக்கும் காத்திருந்தது. அதற்குக் காரணம் தணிகாசலம்தான் என்று சித்தப்பா இன்றைக்கும் சொல்லிவருகிறார்.

இப்படிப்பட்டவர் டிரைவர் வேலைக்குப் போனது விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். திருப்பதியில் நாலு வண்டி வைத்து டிராவல்ஸ் நடத்தும் ஹேமநாத்திடம் எட்டு வருடமாக ஒரு வெள்ளை ஏழு சீட்டர் ஓட்டினார். சித்தூர், கங்காதர நெல்லூர் பக்கமிருந்து நடந்து மலையேறும் வேண்டுதல் உள்ள குடும்பங்களை அலிபிரியில் இறக்கிவிட வேண்டும். அவர்கள் மேலே சுவாமிக்காகக் காத்திருப்பார்கள். இவர் கீழே அவர்களுக்காகக் காத்திருப்பார். ஒரு பகல், சில சமயம் ஒரு பகலும் ஓர் இரவும். வண்டி ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், அவரை டிரைவர் என்று சொல்வதைவிட வண்டி நிறுத்துபவர் என்று சொல்வதே பொருத்தம்.

நின்ற இடத்தில்தான் வினை வந்தது. இரண்டு வருடத்தில் நாலு இடி. கதவில் ஒன்று, பின் பம்பரில் இரண்டு, முன் விளக்கருகே ஒன்று. நாலும் அவர் சாப்பிடப் போன நேரத்தில் விழுந்தவை.

"நின்னுக்கினு இருந்த வண்டி சார்," என்றார் தணிகாசலம், நாலு தடவையும்.

ஹேமநாத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உலகத்துல இருக்கிற எல்லா டிரைவரும் நின்னுக்கினு இருக்கும்போதுதான் இடி வாங்கறான். அப்ப ஓட்டறப்ப இடிக்கிறவன் எவன்யா? அவனை நான் ஒரு தடவை பாக்கணும்."

"நெஜமா சார். நான் சோறு துன்னப் போயிருந்தேன்."

"நீ சோறு துன்னப் போறது அவனுக்கு எப்படித் தெரியும்? மைக்ல சொல்லிட்டுப் போறியா?" அப்போதும் அந்த உதடு மேலேறியே இருந்தது. "சிரிக்கிற வேற. இன்னொரு இடி விழுந்தா சாவியை வெச்சிட்டுப் போய்க்கினே இரு. சரேனா?"

உள்ளே இருந்த அவர் மனைவி ஸ்வர்ணலதா, "அவன் சொல்றது நெஜமாக்கூட இருக்கும்," என்றார். இந்த 'கூட இருக்கும்' என்பதுதான் தணிகாசலம் தன் வாழ்நாளில் பெற்ற ஆகப்பெரிய நம்பிக்கை. அதை அவர் பல நாள் நினைத்து நினைத்துப் பார்த்தார்.

ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு முதலாளியைத் தேடுவது எளிதல்ல. ஆகவே தன் வாய்க்குப் பதிலாகப் பேச ஒரு சாட்சியை ஏற்பாடு செய்வதென்று தணிகாசலம் முடிவெடுத்தார். தன் சொந்தச் செலவில் ஒரு டேஷ் கேமரா வாங்கி, முன் கண்ணாடியில் ஒட்டி, கார் பேட்டரியிலிருந்தே கம்பி இழுத்துக் கொடுத்தார். வண்டி நின்றாலும் அது விழித்திருக்கும்; யாராவது இடித்தால் படம் பிடிக்கும், சத்தமும் பிடிக்கும். முன்பக்கம் மட்டுமே பார்க்கும் கேமரா என்பதால், அலிபிரி பார்க்கிங்கில் சுவரோடு பின்புறத்தை ஒட்டி நிறுத்தத் தொடங்கினார். முன்பக்கத்தைக் கேமராவும், பின்பக்கத்தைச் சுவரும் பார்த்துக்கொண்டன. இரண்டு பக்கவாட்டும் வெங்கடேசப் பெருமாளின் பொறுப்பு.

முதல் பயணத்திலேயே சாட்சி வண்டியின் ரத்தத்தைக் குடித்துவிட்டது. கங்காதர நெல்லூர்க் குடும்பம் ஒன்று மொட்டையும் சந்தனமுமாக மலையிறங்கி வந்து ஏறி உட்கார்ந்தது. தணிகாசலம் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. ஆறு மொட்டைத் தலைகள் வெயிலில் மின்ன, 'கோவிந்தா' சொல்லி வண்டியைத் தள்ளின. தள்ளியவர்களில் ஒருவர் அதைக் கைபேசியில் படமெடுத்து ஹேமநாத்துக்கு அனுப்பிவைத்தார்.

"கேமராவைப் புடுங்கி எறி," என்றார் ஹேமநாத்.

தணிகாசலம் எறியவில்லை. ஹேமநாத்தின் இன்னொரு வண்டியை ஓட்டும் ஆதிகேசவனிடம் யோசனை கேட்டார். இருவருக்கும் ஒரே வயது. ஆனால் ஆதிகேசவன் சொன்னால் ஊரே நம்பும். அவர் பெரும்பாலும் பொய்தான் சொல்வார்.

"யோவ், கேமராவுக்குத் தனியா ஒரு பேட்டரி பேக் வருதுய்யா," என்றார் ஆதிகேசவன். இந்த ஒரு தடவை உண்மையாகவே இருந்தது. "வண்டி ஓடறப்ப அது துன்னுக்கும். வண்டி நின்னா கேமராவுக்கு அதுவே ஊட்டும். காலியாச்சின்னா தானா படுத்துக்கும். கார் பேட்டரியத் தொடவே தொடாது. மனுஷன்ல அப்படி ஒருத்தன் கெடைப்பானா சொல்லு."

திருப்பதியில் கார் சாமான் கடை வைத்திருக்கும் கிரண்குமார் அதைப் பொருத்திக் கொடுத்தார். செங்கல் அளவு கறுப்புப் பெட்டி. டேஷ்போர்டு மேல் வைத்தால் வெயிலில் வெந்துவிடும் என்று சீட்டுக்கு அடியில் வைத்தார். சித்தூரிலிருந்து திருப்பதி வருகிற ஒன்றரை மணி நேரத்தில் அதன் வயிறு நிறைந்துவிடும். பிறகு பதினாலு மணி நேரம் கேமராவை விழிக்க வைக்கும். தணிகாசலம் முதல் வாரம் முழுக்கச் சோறு துன்னப் போகாமல் அதையே சோதித்துப் பார்த்தார். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் ஒரே திருப்பில் கிளம்பியது. கேமராவில் ஒரு நாயும், ஒரு பிளாஸ்டிக் பையும், அதைத் துரத்திய ஒரு பக்தரும் தெளிவாகப் பதிவாகியிருந்தார்கள். உலகம் தன்னை நம்பாததற்கு இனிமேல் காரணமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

அப்படி ஒரு மாதம் நிம்மதியாகப் போனது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

ஹேமநாத் வீட்டு வாசலில் நாலு வண்டியும் கழுவி வரிசையாக நின்றன. ஸ்வர்ணலதா சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக இறங்கி வந்தார். அந்த அம்மாளுக்குப் பக்தியில் பாரபட்சம் கிடையாது. ஸ்டீயரிங், கியர், விளக்குகள், வைப்பர், ஸ்டெப்னி, ஜாக்கி, பஞ்சர் பார்க்கும் பெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தார். கடைசியாக, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார்.

"இது இன்னா புதுசா?"

"கேமராம்மா. அது கண்ணும்மா, அதுல..." என்று ஆரம்பித்தார் தணிகாசலம்.

"கேமராவா இருந்தா இன்னா? அதுவும் வேலை செய்யுதில்ல? ராவும் பகலும் முழிச்சிக்கினு கெடக்குது பாவம். அதுக்குத்தான் மொதல்ல வெச்சிருக்கணும்." சொல்லிக்கொண்டே லென்ஸின் நட்டநடுவில் கட்டைவிரலால் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமம் வைத்தார். "மூணு நாளைக்கு எந்தப் பொட்டையும் தொடைக்காதே தணிகாசலம். ஆவாது."

தணிகாசலம் தலையாட்டினார். தன்னைப் பாதி நம்பிய ஒரே ஜீவன் இட்ட கட்டளை அது.

மறுநாள் விடியற்காலையில் சித்தூர் போய் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, தோள் துண்டின் நுனியை எடுத்து லென்ஸ் வரை கொண்டுபோனார். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பொட்டு சின்னது, பார்வை பெரியது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். உண்மையில் பொட்டு வேர்க்கடலை அளவு. லென்ஸ் அதைவிடச் சிறியது.

அலிபிரியில் குடும்பம் படியேறப் போனது. கேமராவின் சிவப்பு விளக்கு ஒழுங்காகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மதியம் அவர் சாப்பிடப் போனார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. இடது விளக்கு இருந்த இடத்தில் குழி இருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ விளையாடுகிறார் என்று நகர்ந்துவிட்டார்கள்.

ஆனால் அவர் பதறவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். வெதுவெதுப்பாக, உயிரோடு இருந்தது. சாட்சி விழித்துத்தான் இருந்திருக்கிறது.

சித்தூர்க் குடும்பம் மறுநாள் காலையில்தான் இறங்கி வந்தது. அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு நேராக ஹேமநாத் வீட்டுக்குப் போய், கேமராவின் மெமரி கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். "எல்லாம் இதுல இருக்குது சார். நீங்களே பாருங்க."

ஹேமநாத் அதை லேப்டாப்பில் போட்டார். ஆதிகேசவனும் பக்கத்தில் வந்து நின்றார். பதினாலு மணி நேரப் பதிவு, ஒரு நிமிடம்கூடக் குறையாமல் இருந்தது. காலை ஒன்பது மணி, செம்மஞ்சள். பத்து மணி, செம்மஞ்சள். மதியம், இன்னும் கொஞ்சம் பளபளப்பான செம்மஞ்சள். ஓரத்தில் மட்டும் நிழல் போல ஏதோ வந்து வந்து போனது. ஒரு மணி பதினெட்டு நிமிடத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. கண்ணாடி நொறுங்கும் சத்தம். அப்புறம் ஒரு குரல் தெலுங்கில் மிகத் தெளிவாகக் கேட்டது: "எவரூ சூள்ளேது, பத பத." யாரும் பார்க்கவில்லை, கிளம்பு என்று பொருள்.

அது சொன்னது முற்றிலும் உண்மை. யாரும் பார்க்கவில்லை.

"கேட்டீங்களா சார்? அவனே சொல்றான்," என்றார் தணிகாசலம்.

"சத்தத்தை எவன் வேணா போடலாம். நாலு பேரை வெச்சி நீயே பேச வெச்சிருப்ப."

"நம்ம வண்டி எஞ்சின் சத்தமே இல்ல பாருங்க சார். நின்னுக்கினுதான் இருந்திச்சி."

"நியூட்ரல்ல உருட்டிக்கினு போயி இடிச்சா எஞ்சின் சத்தம் எங்கேர்ந்து வரும்?" ஹேமநாத் லேப்டாப்பை மூடினார். அவர் குரலில் இப்போது கோபம் இல்லை, ஒரு போலீஸ்காரரின் நிதானம் இருந்தது. "அது கெடக்கட்டும். கண்ணை மறைச்சது யாரு? லென்ஸ் மேல பொட்டு வெச்சது யாருய்யா?"

ஸ்வர்ணலதா காபித் தம்ளரோடு உள்கதவில் நின்றுகொண்டிருந்தார். முந்தாநாள் நாலு வண்டியிலும் சேர்த்து நூறு பொட்டாவது வைத்திருப்பார். அதில் ஒன்று அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது என்பது, தம்ளரிலிருந்து அவர் கண்ணை எடுக்காததில் தெரிந்தது.

தணிகாசலம் அவரைப் பார்த்தார். அந்த அம்மாளைக் காட்டிக்கொடுத்து, அதை இவர்கள் நம்பாமலும் போனால், பாதி நம்பியவரும் மிச்சமிருக்க மாட்டார். நம்பிவிட்டாலும் அப்படியே.

"நான்தான் சார் வெச்சேன்," என்றார். "பூஜையாச்சேன்னு."

"அப்படிச் சொல்லு." ஹேமநாத் முகம் மலர்ந்தது. "இப்பதான் ஒத்துக்கினான் பாரு ஆதிகேசவா. மறைச்சிட்டு இடிச்சிருக்கான். போன நாலும் இப்படித்தான் இருக்கும்."

ஐம்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் சொன்ன முதல் பொய், சொன்ன மாத்திரத்தில் நம்பப்பட்டது. கூடவே, அவர் செய்யாத நாலு இடிகளுக்கும் சேர்த்து ஒப்புதல் வாக்குமூலமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"பாவம், தெரியாம வெச்சிருப்பான், வுடுங்க," என்றார் ஸ்வர்ணலதா மெதுவாக. "கேமராவுக்கு வெக்கக் கூடாதுன்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ உள்ள போ," என்றார் ஹேமநாத். அந்த அம்மாள் காபியைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அதில் சர்க்கரை தாராளமாக இருந்தது.

சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, கேமராவையும் பெட்டியையும் கழற்றப் போனார் தணிகாசலம். ஹேமநாத் பின்னாலேயே வந்து நின்று பார்த்தார்.

"பதினாலு மணி நேரம் ஓடிச்சில்ல அது?"

"ஓடிச்சி சார்."

"வண்டி ஸ்டார்ட் ஆவறதுல தகராறு இல்லையே?"

"இல்ல சார். ஒரே திருப்பு."

"எந்தக் கடை? மத்த வண்டிக்கும் போட்டுடலாம். இவனுங்கள நம்பி எப்படி வண்டி குடுக்கறது?"

தணிகாசலம் கிரண்குமார் கடைக்கு வழி சொன்னார். சீட்டுக்கு அடியில்தான் வைக்க வேண்டும், வெயில் படக்கூடாது, கம்பியை மிதிக்கிற இடத்தில் விடக்கூடாது என்று ஆதிகேசவனுக்கும் விளக்கினார். அந்த வண்டி அடுத்த நாளிலிருந்து ஆதிகேசவனுடையது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நீ எதுக்குய்யா அந்தக் கேமரா மேல பொட்டு வெச்ச?" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டார்.

நகரி பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சித்தூர் போய் வந்ததில் அதன் வயிறு மறுபடி நிறைந்திருந்தது. வீட்டில் மனைவி யசோதா களியும் கடலைச் சட்னியும் எடுத்து வைத்தபடி நடந்ததைக் கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. பொட்டு வைத்தது யார், துடைக்காதே என்று சொன்னது யார், தான் ஏன் அப்படிச் சொன்னார் என்று முதலிலிருந்து கடைசி வரை சொன்னார்.

யசோதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"அந்தம்மா மேல பழியப் போடாதே. அவங்க மகராசி. போன வருஷம் பொடவை குடுத்தாங்க."

"நெஜமா யசோதா."

"பூஜை தெரிஞ்ச பொம்பளை கேமராக் கண்ணுல பொட்டு வெப்பாங்களா? நீதான் வெச்சிருப்ப. என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"

தெருவில் ஏதோ டிராக்டர் போகும் சத்தம் தேய்ந்து மறைந்தது. களி ஆறிக்கொண்டிருந்தது.

"ஆமா," என்றார். "நான்தான் வெச்சேன்."

"அதானே," என்ற யசோதா, இன்னொரு உருண்டை களியை அவர் தட்டில் வைத்தாள்.