சதுரமாக வெட்டிய அலுவா

துறைமுகத்துப் பக்கம் இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு சமைக்கிற வேலை என்னுடையது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவளுக்குக் குசினி தோதான இடம். பிள்ளைகள் வரிசையில் வந்து கோப்பையை நீட்டுவார்கள், நான் போடுவேன். அவர்கள் எனக்கு வைத்த பெயர் குசினியம்மா.

மூன்றாம் வகுப்பு ரீச்சர் வயதில் சின்னவர். வேலைக்கு வந்து மூன்று வருசம் முடியப் போகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு புதன்கிழமை குசினி வாசலில் வந்து நின்றார். நாளைக்குக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு சேர், பெரிய அதிகாரி, வந்து தன் வகுப்பில் இருந்து பார்க்கப் போகிறாராம். அவர் நல்லதாக எழுதினால்தான் நிரந்தரம் கிடைக்குமாம். பாடம் சதுரம். பிள்ளைகள் கையில் பிடித்துப் பார்த்து, அளந்து, பிறகு தின்னக்கூடிய சதுரமாக ஏதும் செய்து தர ஏலுமா என்று கேட்டார்.

அலுவா செய்யலாம் என்றேன். பக்கத்து வீட்டில் இருந்த, நான் ராத்தா என்று கூப்பிடுகிற கிண்ணியா ஊர் முஸ்லிம் அக்கா ஒருவர் எனக்குப் பழக்கிவிட்ட பலகாரம் அது. வறுத்த அரிசிமாவைச் சீனிப்பாகில் கிளறி, கஜு முந்திரிப்பருப்புப் போட்டு, பலகையில் கொட்டித் தட்டி, சூடு ஆற முதல் வெட்டிவிட வேண்டும். ஆறிய பிறகு கத்தி வைத்தால் உதிர்ந்து போகும்.

எப்படி வெட்ட வேணும் என்று கேட்டேன்.

"நாலு பக்கமும் ஒரே அளவா இருக்க வேணும் அம்மா. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு ரீச்சர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

பின்னேரம் வீட்டில் இருந்து செய்தேன். என் நினைப்பெல்லாம் அளவில்தான். அலுவா என்றால் நெடுக ஒரு வெட்டு, அதன் மேல் சரிவாக ஒரு வெட்டு. முப்பது வருசமாக என் கை போகிற வழி அது. வேறு மாதிரி வெட்டிய அலுவாவை நான் கண்டதும் இல்லை. அன்றைக்கும் அப்படியே வெட்டினேன், ஆனால் ஒரு தீக்குச்சியை வைத்து வைத்து ஒவ்வொரு பக்கமும் அளந்துதான். வெட்டி முடித்துப் பார்க்கக் கொஞ்சம் சரிவாகத்தான் தெரிந்தது. சதுரத்தை மூலையில் நிறுத்தினால் அப்படித்தானே இருக்கும், திருப்பி வைத்தால் சரி என்று நினைத்துக்கொண்டு மூடி வைத்தேன்.

காலையில் ரீச்சர் மூடியைத் திறந்தார்.

"அம்மா, இது சாய்சதுரமெல்லோ."

"திருப்பி வைச்சுப் பாருங்கோ ரீச்சர்."

அவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பினார். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது சரிந்துகொண்டே நின்றது. சேர் வந்து வகுப்பின் கடைசி வாங்குப் பலகையில் இருந்துவிட்டார், இனி வேறு செய்ய நேரமில்லை. ரீச்சர் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ரீச்சர் பிள்ளையின் உத்தியோகம் என் கத்தியால் போகப் போகிறதே என்று இருந்தது.

ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, இது என்ன வடிவம் என்று ரீச்சர் கேட்டார். சதுரம் என்று வகுப்பே கத்தியது. அடிமட்டத்தை எடுத்து அளக்கச் சொன்னார். அளந்தார்கள். நாலு பக்கமும் சமன். முன்பல் விழுந்த பொடியன் ஒருவன் மட்டும் தன் துண்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான்.

"சதுரம்தான் ரீச்சர். ஆனா குடிச்சிட்டு வாற எங்கட மாமா மாதிரி வெறியில நிக்குது."

கடைசி வாங்கில் சேரின் பேனை நின்றது. ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியென்றால் அதை நேராக நிமிர்த்தி வை பார்ப்போம் என்றார். முழு வகுப்பும் அலுவாவைத் திருப்பித் திருப்பி வைத்தது. ஒன்றும் நிமிரவில்லை. அந்த நேரம் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை தன் துண்டை எழுதுகிற கொப்பியின் மூலையில் வைத்துப் பார்த்தது. அலுவாவின் ஒரு மூலை கொப்பி மூலையை விட ஒடுங்கி இருந்தது, அடுத்த மூலை அகன்று வெளியே போனது. பக்கத்துப் பிள்ளையும் வைத்துப் பார்த்தது. பிறகு எல்லாரும்.

"அப்ப சதுரத்துக்கு வேற என்ன வேணும்?" என்று ரீச்சர் கேட்டார்.

"நாலு மூலையும் கொப்பி மூலை மாதிரி இருக்க வேணும்" என்றது இரட்டைப் பின்னல்.

"அப்ப இது சதுரமில்லை. இனித் தின்னலாமா?" என்றான் பல் விழுந்தவன்.

அவர்கள் தின்கிற நேரம் சேர் எழும்பி முன்னுக்கு வந்தார்.

"யோசிச்சுத்தான் இப்பிடி வெட்டுவிச்சனீங்களோ?"

ஓம் என்று சொல்லு பிள்ளை என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று மனதுக்குள் கெஞ்சினேன். ஓம் என்றால் அதோடு காரியம் முடிந்துவிடும்.

"இல்லை சேர். எப்பிடி வெட்ட வேணுமெண்டு குசினியம்மா கேட்டவ. நான் பாதியைத்தான் சொன்னனான். அவவில பிழையில்லை."

சேர் தன் பங்குத் துண்டைக் கடித்தார். மென்று விழுங்கினார்.

"மிச்சப் பாதியைப் பிள்ளையளே கண்டுபிடிச்சிட்டினம்தானே" என்று சொல்லிவிட்டு, பேனையைத் திறந்து கனநேரம் எழுதினார்.

அடுத்த மாதம் நிரந்தரக் கடிதம் வந்தது. அதைக் காட்ட ரீச்சர் குசினிக்கு ஓடி வந்தபோது நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டு நின்றேன். கடிதத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தெறித்துவிட்டது. ரீச்சர் அதைத் தன் சேலைத் தலைப்பால் ஒற்றி எடுத்து, நல்லகாலம் கையெழுத்தில் படவில்லை என்று சிரித்தார்.