முகூர்த்தப் புடவைக்குப் போய் டூப்ளிகேட் பூட்ஸோடு திரும்பிய கதை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காஞ்சிபுரம் போனேன், என் கல்யாணப் புடவை எடுக்க. எங்கள் பக்கம் முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் செலவு. பெண் கூடப் போய்த் தலையாட்ட வேண்டும், அவ்வளவுதான். எனக்கோ ஒரு வருடமாகக் கணுக்காலுக்கு மேல் ஏறும் கறுப்பு பூட்ஸ் மீது கண். மாலில் பதினான்காயிரம். தொழிற்சாலையில் கம்பெனி செருப்போடு நாள் முழுக்க நிற்கிற எனக்கு அது முக்கால் மாதச் சம்பளம். அதே மாதிரி நகல் காஞ்சிபுரம் பேருந்து நிலையம் பக்கம் கிடைக்கும் என்றாள் ஹாஸ்டல் தோழி.

ஸ்ரீபெரும்புதூரில் காலை 8.10-க்கு பஸ். சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் 35 ரூபாய். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் வறுத்துவிடும்.

பத்து மணிக்கு காந்தி ரோடு பட்டுக் கடையில் முரளியும் அவர் அம்மாவும் காத்திருந்தார்கள். முரளிதான் மாப்பிள்ளை. இரண்டு மணி நேரம் புரட்டி, அத்தை ஒரு அரக்குப் புடவையை எடுத்தார். 13,500. கடைக்காரர் ஜரிகையை நகத்தால் சுரண்டிக் காட்டினார்.

"உள்ள செவப்புப் பட்டு நூல் தெரியல பாருங்கம்மா. இது செம்பு ஜரி. அசல் வெள்ளி ஜரின்னா நாப்பதாயிரத்துக்கு மேல போவும்."

"கட்டிக்கினு நின்னா யாருக்குப்பா தெரியப்போவுது? பில்லு போடு" என்றார் அத்தை. எனக்கும் வருத்தமில்லை. புடவை அழகாகத்தான் இருந்தது.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் செருப்புக் கடை. அவர்கள் இருவரும் கூடவே வந்தார்கள். 1,200 சொன்னார், 850-க்கு முடித்தேன். "தோல் இல்லம்மா, ரெக்ஸின். மழையில ஊறவுடாத" என்று கடைக்கார பாய் அவராகவே சொன்னார். பணம் கொடுத்த பிறகுதான் அத்தை வாய் திறந்தார்.

"டூப்ளிகேட்டா? நாலு பேரு பாத்தா எங்க மானம் என்னாவறது? திருப்பிக் குடுத்துடும்மா. நம்ம வீட்டுக்கு இதெல்லாம் சரிப்படாது."

முரளி செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் கல்லாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இன்று இதைக் கொடுத்துவிட்டால், இனி என் காலில் எது ஏற வேண்டும் என்பதை எப்போதும் வேறு யாரோ சொல்வார்கள் என்று தோன்றியது. பயமாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு ஆறு வாரம்தான்.

"அத்தை, செம்பு ஜரி உங்களுக்கு மானக்கேடு இல்லன்னா, ரெக்ஸின் எனக்கு மானக்கேடு இல்ல. நான் சம்பாதிச்ச காசு. குடுக்கமாட்டேன்" என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே மாட்டி, ஜிப்பை இழுத்தேன்.

அத்தை ஆட்டோவில் ஏறிவிட்டார். பின்னால் ஏறப்போன முரளி மட்டும் திரும்பி, "கடிக்குதா?" என்றார். "கடிக்கல" என்றேன். ஆட்டோ கிளம்பியது, நான் பூட்ஸோடு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.

போகிறவர்களுக்கு: மதியத்துக்கு மேல் போங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போதுதான் சரியான அளவு தெரியும். தடித்த சாக்ஸ் கையோடு கொண்டுபோங்கள். ஜிப்பைப் பத்து முறை இழுத்துப் பாருங்கள். கோயிலுக்கும் போவதாக இருந்தால் முதலில் கோயில், பிறகு பூட்ஸ். வாசலில் கழற்றுவதற்குள் நடை சாத்திவிடுவார்கள். டூப்ளிகேட்டா என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள். விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வரவேற்பன்று மேடையில் பூட்ஸோடுதான் நிற்பேன், புடவையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி. அத்தை அன்று திடுக்கிட வேண்டாமே என்று இந்தப் பதிவை முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன்.